ஐரோப்பிய ஆராய்ச்சிப் பணத்தை நாடாளுமன்றம் எப்படிக் கேள்வி கேட்கிறது, நாம் எப்படிப் பின்தொடர்வது

ஹொரைசன் யூரோப் என்ற ஆராய்ச்சி, புத்தாக்கத் திட்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் 2027 வரை ஒதுக்கிய தொகை 95.5 பில்லியன் யூரோ. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிதிப் பிரிவில் நான் வேலை பார்ப்பதால், அந்தப் பணத்தில் ஒரு துளி என் மேசை வழியாகப் போகிறது. சம்பளப் பட்டியல், வேலை நாள் பதிவு, பயணச் செலவு, பருவ அறிக்கை என்று எல்லாம் இங்கே வந்துதான் பிரஸ்ஸல்ஸுக்குப் போகும்.

இங்கே வசித்து வரி கட்டுகிற தமிழர்கள் பலரிடம் இதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். பிரஸ்ஸல்ஸில் நடப்பது நமக்கு எட்டாது என்று விட்டுவிடுகிறார்கள். அது எட்டக்கூடியதுதான். பெரும்பாலான ஆவணங்கள் இணையத்தில் திறந்தே இருக்கின்றன. எதை, எப்போது, எந்தக் கேள்வியோடு பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் விதிப்படி செலவானதா என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் விடாமல் கேட்கிறது. அந்தப் பணத்தால் என்ன விளைந்தது என்ற கேள்வி அந்த அளவுக்கு எழுவதில்லை. அதை எழுப்ப வெளியிலிருந்து ஆட்கள் வேண்டும்.

முதலில் இந்தப் பணம் பெற்ற ஒரே ஒரு ஆராய்ச்சித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 95.5 பில்லியனைப் பார்த்து யாராலும் கேள்வி கேட்க முடியாது. உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகமோ, பக்கத்தில் இருக்கும் நிறுவனமோ பங்கெடுத்த திட்டம் ஒன்று போதும். ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தின் கார்டிஸ் (CORDIS) தரவுத்தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் அந்தத் திட்டத்தின் பக்கம் வரும். தொடங்கிய தேதி, முடிந்த தேதி, மொத்தச் செலவு, ஒன்றியம் கொடுத்த பங்கு, எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். பலர் அதோடு மூடிவிடுகிறார்கள். முடிவுகள் என்ற பகுதிக்கும் போங்கள். சமர்ப்பித்த அறிக்கைகள், வெளிவந்த கட்டுரைகள், பொதுமக்களுக்கான சுருக்கம் எல்லாம் அங்கேதான் வர வேண்டும். திட்டம் முடிந்து வெகு காலம் ஆகியும் அந்தப் பகுதி வெறுமையாக இருந்தால் உங்கள் முதல் கேள்வி கிடைத்துவிட்டது. ஆனால் உடனே குற்றம் சொல்லக் கிளம்ப வேண்டாம். சில அறிக்கைகள் பாதுகாப்புக் காரணத்துக்காகவோ வணிகக் காரணத்துக்காகவோ ஒப்பந்தப்படியே வெளியிடப்படாதவை. யாருக்கு எந்த ஆண்டு எவ்வளவு தர ஒப்புக்கொள்ளப்பட்டது என்று சரிபார்க்க ஆணையத்தின் நிதி வெளிப்படைத்தன்மைத் தளம் தனியாக இருக்கிறது.

அப்புறம் நாடாளுமன்றம். 720 உறுப்பினர்கள் இருந்தாலும் இந்த விஷயத்தில் மூன்று குழுக்களைத் தெரிந்துகொண்டால் போதும். தொழில், ஆராய்ச்சி, எரிசக்திக் குழுவை இட்ரே என்பார்கள். ஹொரைசன் யூரோப் போன்ற திட்டங்களின் சட்டம் அங்கேதான் உருவாகிறது. பட்ஜெட் குழு ஆண்டுதோறும் எவ்வளவு என்று பேசும். பட்ஜெட் கட்டுப்பாட்டுக் குழு, செலவான பிறகு கணக்குக் கேட்கும். மூன்றின் கூட்டங்களும் அநேகமாக இணையத்தில் நேரலையில் வரும், உரைபெயர்ப்போடு. உங்களுக்கு ஜெர்மனோ பிரெஞ்சோ டச்சோ எது வசதியோ அதில் கேட்கலாம்.

இந்தக் குழுக்களின் வேலை ஆண்டுச் சுழற்சியில் நடக்கிறது. கேள்வி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நேரம் தவறினால் அதற்குப் பயன் இல்லை. கோடையில் ஆணையம் அடுத்த ஆண்டின் வரைவு பட்ஜெட்டைத் தரும். உறுப்பு நாட்டு அரசுகளின் கவுன்சில் பெரும்பாலும் அதில் வெட்டும். அக்டோபரில் நாடாளுமன்றம் வெட்டியதைத் திரும்பச் சேர்க்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் 21 நாள் சமரசப் பேச்சு. ஆராய்ச்சிக்குப் பணம் கூட வேண்டும், குறைய வேண்டும் என்று சொல்ல நினைப்பவர்கள் செப்டம்பருக்குள் எழுதிவிட வேண்டும்.

இந்தப் பட்ஜெட் சண்டை வெறும் சடங்கு என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2020 ஜூலையில் அரசுத் தலைவர்களின் உச்சிமாநாடு ஆராய்ச்சி நிதியைக் குறைத்தது. அந்த நவம்பரில் நாடாளுமன்றம் பேரம் பேசி ஹொரைசன் யூரோப்புக்கு மட்டும் 4 பில்லியன் யூரோ கூடுதலாக வாங்கியது. 2024 பிப்ரவரியில் நீண்டகால பட்ஜெட்டைத் திருத்தியபோது, உக்ரைன் உதவி உள்ளிட்ட புதிய தேவைகளுக்காக அதே திட்டத்திலிருந்து 2.1 பில்லியன் வெட்டப்பட்டது. அதற்கும் நாடாளுமன்றம்தான் ஒப்புதல் கொடுத்தது. இதற்கு முந்தைய திட்டமான ஹொரைசன் 2020 பற்றிய ஆணையத்தின் இறுதி மதிப்பீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தரமானவை என்று தேறிய எல்லா விண்ணப்பங்களுக்கும் நிதி கொடுத்திருக்க வேண்டுமானால் இன்னும் 159 பில்லியன் யூரோ தேவைப்பட்டிருக்குமாம்.

செலவான பிறகு நடக்கும் சுழற்சி அக்டோபரில் தொடங்குகிறது. லக்சம்பர்கில் இருக்கும் ஐரோப்பியத் தணிக்கை மன்றம் முந்தைய ஆண்டின் கணக்கு பற்றிய அறிக்கையை வெளியிடும். பட்ஜெட் கட்டுப்பாட்டுக் குழு அதை வைத்துக்கொண்டு ஆணையர்களுக்கு எழுத்தில் கேள்விப் பட்டியல் அனுப்பும், நேரில் அழைத்தும் கேட்கும். குளிர்காலம் முழுக்க இது போகும். வசந்தத்தில் முழு அவை வாக்களித்து அந்த ஆண்டின் கணக்குக்கு ஒப்புதல் தரும், அல்லது தள்ளிவைக்கும்.

ஒப்புதல் மறுத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 1999ஐத்தான் சொல்வேன். ஆணையத்தில் வேலை பார்த்த டச்சு அதிகாரி பால் வான் பாய்டனன் முறைகேடுகள் பற்றிய தகவல்களை நாடாளுமன்றத்துக்குக் கொடுத்தார். 1996ஆம் ஆண்டின் கணக்குக்கு நாடாளுமன்றம் 1998 டிசம்பரில் ஒப்புதல் மறுத்தது. அடுத்து ஒரு சுயாதீன நிபுணர் குழு அமைந்தது. அதன் அறிக்கை வெளியான 1999 மார்ச் 15 இரவே ஜாக் சான்டேர் தலைமையிலான ஆணையம் முழுவதும் பதவி விலகியது. அந்த அறிக்கையில் மிகக் கடுமையாக விமர்சிக்கப்பட்டவர் அன்றைய ஆராய்ச்சித் துறை ஆணையர் எடித் கிரெஸ்ஸோன். தனக்குத் தெரிந்த பல் மருத்துவர் ஒருவரை வருகைதரு விஞ்ஞானியாக நியமித்திருந்தார். பதவிக்குரிய கடமையை அவர் மீறினார் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2006 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஆராய்ச்சிப் பணத்தை இத்தனை கண்கள் பார்ப்பதில் நான் சலித்துக்கொள்ளாததற்கு இந்தச் சம்பவமும் ஒரு காரணம்.

சரி, தணிக்கை அறிக்கையில் எல்லோரும் முதலில் பார்க்கும் எண்ணுக்கு வருவோம். அதுதான் பிழை விகிதம், அதாவது செலவான பணத்தில் விதிக்கு மாறாகப் போனதன் பங்கு. மன்றம் வைத்திருக்கும் வரம்பு 2 சதவீதம். ஆராய்ச்சி அடங்கிய ‘ஒற்றைச் சந்தை, புத்தாக்கம், டிஜிட்டல்’ என்ற பட்ஜெட் தலைப்பில் பிழை விகிதம் 2022இல் 2.7 சதவீதம், 2023இல் 3.3 சதவீதம். உடனே இத்தனை கோடி கொள்ளை போனது என்று யாராவது எழுதிவிடுவார்கள். இந்த எண் எதிலிருந்து வருகிறது என்று நான் தினமும் பார்க்கிறேன், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓர் ஆராய்ச்சியாளருக்கு, நிறுவனம் கட்டும் சமூகக் காப்பீடு உட்பட, ஆண்டுச் செலவு 64,500 யூரோ என்று வையுங்கள். ஹொரைசன் யூரோப் விதிப்படி முழுநேர வேலைக்கு ஆண்டுக்கு 215 நாள் என்று வகுக்க வேண்டும். ஒரு நாளுக்கு 300 யூரோ வரும். அவர் மாதாமாதம் எந்தத் திட்டத்துக்கு எத்தனை நாள் வேலை செய்தார் என்று எழுதிக் கையெழுத்திடுவார், மேற்பார்வையாளரும் கையெழுத்திடுவார். ஒரு மாதம் காய்ச்சலில் வீட்டில் இருந்த இரண்டு நாளும் திட்ட நாளாகப் பதிவாகிவிட்டது. தணிக்கையாளர் அந்தத் தாளையும் ஆள்வளப் பிரிவின் விடுப்புப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார். 600 யூரோ போச்சு. கட்டடம், மின்சாரம் போன்ற மறைமுகச் செலவுக்காக 25 சதவீதம் தானாகச் சேர்வதால் இன்னும் 150. மொத்தம் 750 யூரோ பிழை. யாரும் திருடவில்லை. ஆராய்ச்சியும் நடந்தது. ஆனாலும் கொடுத்திருக்கக் கூடாத பணம், அதைத் திருப்பத்தான் வேண்டும்.

ஆராய்ச்சி நிதியில் தணிக்கையாளர்கள் ஆண்டுக்கு ஆண்டு கண்டுபிடிப்பவற்றில் சம்பளக் கணக்குதான் முக்கியமான இடம் பிடிக்கிறது. மோசடி என்று சந்தேகம் வந்தால் அது வேறு வழி. மன்றம் அதை ஐரோப்பிய மோசடித் தடுப்பு அலுவலகத்துக்கோ, 2021 ஜூன் முதல் இயங்கும் ஐரோப்பிய அரசு வழக்குத்தொடுநர் அலுவலகத்துக்கோ அனுப்பிவிடும். ஆகவே, பிழை விகிதத்தைப் பார்த்தால், எந்த வகைப் பிழை என்று சொல்லும் பத்திகளையும் சேர்த்தே படியுங்கள்.

இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் ஒட்டுமொத்தத் தொகை முறை பரவி வருகிறது. வேலைப் பகுதி முடிந்தால் பணம், நாள் கணக்கு காட்டத் தேவையில்லை. என் வேலை இதனால் எளிதாகும், மறுக்கவில்லை. ஆனால் ரசீது இல்லாத இடத்தில் சரிபார்க்க மிஞ்சுவது வேலை நடந்ததா என்பது மட்டும்தான். அதை ஆணையத்தில் யார் படித்துப் பார்க்கிறார், எந்த அளவுகோலில் பார்க்கிறார்? நாடாளுமன்றத்தில் இப்போது எழ வேண்டிய பெரிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த மாதிரிக் கேள்விக்கு ஆதாரம் தேட நல்ல இடம் தணிக்கை மன்றத்தின் சிறப்பு அறிக்கைகள். உதாரணமாக 2022இன் 15ஆம் அறிக்கை, ஆராய்ச்சியில் பின்தங்கிய நாடுகளின் பங்கேற்பைக் கூட்ட ஹொரைசன் 2020 எடுத்த நடவடிக்கைகளை ஆராய்ந்தது. நடவடிக்கைகள் நன்றாகவே வகுக்கப்பட்டவை, ஆனால் நிலையான மாற்றம் பெரும்பாலும் அந்தந்த நாட்டு அரசுகளின் முயற்சியைப் பொறுத்தது என்றது. முழு அறிக்கையையும் படிக்க நேரம் இல்லை என்றால் கடைசியில் இருக்கும் பரிந்துரைகளுக்குப் போங்கள். ஒவ்வொன்றுக்கும் எதற்குள் செய்ய வேண்டும் என்று காலக்கெடு இருக்கும். ஆணையம் ஏற்றுக்கொண்டதா, ஓரளவு ஏற்றதா, ஏற்கவில்லையா என்ற பதிலும் கூடவே இருக்கும். ஏற்றுக்கொண்டு, காலக்கெடுவும் தாண்டிப் போன பரிந்துரை எது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றிக் கேட்டால் யாராலும் நழுவ முடியாது.

கேள்வியை நேரடியாக நாம் அவையில் கேட்க முடியாது, ஓர் எம்.பி. வழியாகத்தான் போக வேண்டும். ஆணையத்துக்கு எழுத்துபூர்வக் கேள்வி அனுப்ப ஒவ்வொரு எம்.பி.க்கும் மூன்று மாதத்துக்கு 20 என்று வரம்பு. சாதாரணக் கேள்விக்கு ஆறு வாரத்தில் பதில் வர வேண்டும், முன்னுரிமைக் கேள்விக்கு மூன்று வாரத்தில். வரம்பு இருப்பதால் அவர்கள் யோசித்துத்தான் செலவழிப்பார்கள். அதனால் கேள்வியை அப்படியே எடுத்து அனுப்பும்படி தயார் செய்து கொடுங்கள். அதற்கு முன் நாடாளுமன்றத் தளத்தில் பழைய கேள்விகளைத் தேடுங்கள். பதில் ஏற்கெனவே வந்திருக்கலாம்.

‘ஆராய்ச்சிப் பணம் வீணாகிறதே, ஆணையம் என்ன செய்யப் போகிறது?’ என்று கேட்டால், ஆணையம் எடுத்துவரும் முயற்சிகள் பற்றி மூன்று பத்தி வரும். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘2022 முடிவுக்குள் நிறைவடைந்த ஹொரைசன் 2020 திட்டங்களில் எத்தனைக்கு இறுதிச் சுருக்கம் கார்டிஸில் இன்னும் வெளியாகவில்லை? அவற்றுக்கு ஒன்றியம் கொடுத்த தொகை எவ்வளவு? அவை எந்தத் தேதிக்குள் வெளியாகும்?’ இதற்கு எண்ணும் தேதியும்தான் பதில். எண் தராவிட்டால் அதுவே பதிவாகி நிற்கும், கட்டுப்பாட்டுக் குழுவின் அடுத்த விசாரணையில் யாராவது எடுப்பார்கள்.

யாருக்கு அனுப்புவது? உங்கள் நாட்டு எம்.பி.க்களில் இந்த மூன்று குழுக்களில் இருப்பவர்களைப் பாருங்கள். கணக்கு ஒப்புதல் அறிக்கையை எழுதும் பொறுப்பாளர் யார், மற்றக் கட்சிகளின் சார்பில் அதைக் கவனிப்பவர்கள் யார் என்பது குழுவின் பக்கத்தில் இருக்கும். அக்டோபர், நவம்பரில் எழுதினால் கேள்விப் பட்டியலில் சேர வாய்ப்பு உண்டு. முதலில் படிப்பவர் உதவியாளர்தான். அவருக்கு ஆவண எண்ணும் பத்தி எண்ணும் கொடுத்தால் உங்கள் கடிதம் பிழைக்கும்.

எம்.பி. கையில் எடுக்கவில்லை என்றாலும் வழி இருக்கிறது. 2001இன் 1049ஆம் ஒழுங்குவிதி, ஆணையத்தின் ஆவணங்களைக் கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது. குடியுரிமை கட்டாயம் இல்லை, உறுப்பு நாட்டில் வசிப்பவராக இருந்தாலே போதும். அகதி விசாவிலோ வேலை விசாவிலோ இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், பலருக்கு இது தெரிவதில்லை. 24 அலுவல் மொழிகளில் எதிலும் எழுதலாம். 15 வேலை நாளில் பதில் வர வேண்டும், சில சமயம் இன்னொரு 15 நாள் நீட்டிப்பார்கள். ‘இந்தத் திட்டம் பற்றிய எல்லா ஆவணங்களும்’ என்று கேட்காதீர்கள், ‘இந்த எண்ணுள்ள திட்டத்தின் இறுதித் தொழில்நுட்ப அறிக்கை’ என்று கேளுங்கள். தனிநபர் விவரத்தையும் வணிக ரகசியத்தையும் மறைத்துத்தான் தருவார்கள். மொத்தமாக மறுத்தால் 15 வேலை நாளுக்குள் மறுபரிசீலனை கேளுங்கள். அதற்கும் இல்லை என்றால், ஒன்றிய நிர்வாகம் பற்றிய குறைகளை விசாரிக்கும் ஐரோப்பிய ஒம்புட்ஸ்மனிடம் புகார் கொடுக்கலாம், செலவில்லை.

இப்போது ஹொரைசன் யூரோப்புக்கு அடுத்து வரும் திட்டத்துக்கான காலம். 2028 முதல் 2034 வரைக்கு 175 பில்லியன் யூரோ என்று ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்தது. தொகையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். நீங்கள் சட்ட வரைவில் அறிக்கை, கண்காணிப்பு, மதிப்பீடு பற்றிய பிரிவுகளைப் படியுங்கள். கார்டிஸில் நீங்கள் பார்த்த வெறுமை எந்தப் பிரிவின் ஓட்டையால் வந்தது என்று கண்டுபிடித்து, அந்தப் பிரிவின் எண்ணையும் மாற்ற வேண்டிய வாசகத்தையும் மின்னஞ்சலின் முதல் வரியிலேயே எழுதி, இட்ரே உறுப்பினர்கள் திருத்தங்கள் தாக்கல் செய்யும் கெடுவுக்கு முன் அனுப்புங்கள்.