மைக்ரேனுக்குக் கரண்ட் வைப்பது எப்படி

மைக்ரேன் என்ற ஒற்றைத் தலைவலிக்கு லேசான கரண்ட் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, அதை நெற்றியில் ஒட்டுவதென்றால் முதல் வேலை நெற்றியைச் சோப்புப் போட்டுக் கழுவுவது. சிரிக்காதீர்கள். தலைவலி தொடங்கியதும் நம் கை தானாகத் தைலத்தைத்தான் தேடும், அதற்கு முன்பே காலையில் பூசிய விபூதியும் சந்தனமும் தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெயும் வியர்வையோடு நெற்றியில் இறங்கியிருக்கும், அதன்மேல் கொண்டுபோய் வைத்தால் கருவியின் கரண்ட்டைத் தோலுக்குக் கடத்தும் எந்தப் பட்டையும் ஒட்டாது. அரைகுறையாக ஒட்டிய பட்டையில் கரண்ட் ஒரே இடத்தில் குவிந்து சுள்ளென்று குத்தும். இது நமக்கு ஆகாது என்று கழற்றி பீரோவில் போட்டுவிடுவோம். நான் ஒரு மாதம் அப்படித்தான் போட்டு வைத்திருந்தேன், பழியைக் கருவி மேல் போட்டுக்கொண்டு.

தலைவலிக்கு மின்சாரம் என்பது நேற்று வந்த யோசனை இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற ரோமானிய மருத்துவர், தீராத தலைவலிக்கு வலிக்கிற இடத்தில் உயிருள்ள மின்திருக்கை மீனை வைக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். இன்று மீனுக்குப் பதில் பேட்டரி. நெற்றியில் ஒட்டுவது, மேல்கையில் கட்டுவது, கழுத்தில் வைத்து அழுத்துவது என்று மூன்று வகையை மட்டும் இங்கே சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்து, இது மைக்ரேன்தான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இதைச் சம்பிரதாயத்துக்குச் சொல்லவில்லை. இடி விழுந்ததுபோல ஓரிரு நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல், அடிபட்டபின் வரும் வலி, 50 வயதுக்கு மேல் முதன்முறையாக வரும் தலைவலி, இதில் எது இருந்தாலும் கருவியைத் தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேஸ்மேக்கர் போல உடலுக்குள் மின்கருவி வைத்திருப்பவர்கள், தலைக்குள் உலோகம் வைத்து ஆபரேஷன் செய்தவர்கள், கட்டுக்குள் வராத வலிப்பு உள்ளவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். கர்ப்பமாக இருந்தால் டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது.

நெற்றிக் கருவிக்கு வருவோம். செஃபாலி என்பது பெல்ஜியத்தில் உருவானது. 2014 மார்ச்சில் அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. இதை மைக்ரேன் வராமல் தடுப்பதற்கு அனுமதித்தது, வந்துவிட்ட வலியைத் தணிக்கவும் 2017இல் அனுமதி கிடைத்தது, 2020இலிருந்து அங்கே டாக்டர் சீட்டே இல்லாமல் வாங்கலாம். புருவத்துக்கு மேலே போகும் நரம்புகள் முகத்து உணர்வைச் சுமக்கும் முப்பெருநரம்பின் கிளைகள், மைக்ரேனில் வலிச் செய்தியைச் சுமந்து போவது அந்த முப்பெருநரம்புதான். அதன் நுனியில் விடாமல் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டே இருந்து அதை அடக்குவதுதான் இதன் வேலை.

கழுவித் துடைத்த நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவே, பட்டையின் நடுப்பகுதி மூக்குக்கு நேராக வருமாறு ஒட்டுங்கள். கோணலாக ஒட்டினால் ஒரு பக்கம் மட்டும் குத்தும். ஓரங்களை விரலால் நன்றாக அழுத்திவிட்டு, பிறகு கருவியை அருகில் கொண்டுபோனால் காந்தம் தானே பிடித்துக்கொள்ளும். ஆன் செய்ததும் எறும்பு ஊர்வதுபோல இருக்கும், அப்புறம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறும், சுமார் 14 நிமிடம் ஏறிக்கொண்டே போகும். இங்கேதான் பலர் பயந்து கழற்றுவது. கழற்றத் தேவையில்லை, தாங்க முடியாத இடம் வருவதற்குச் சற்று முன் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அந்த அளவிலேயே நின்றுவிடும். முதல் வாரம் பாதி வரைதான் தாங்கினீர்கள் என்றால் பாதியிலேயே நிறுத்துங்கள், தோலும் மூளையும் பழகப் பழக மேலே போகலாம். தடுப்புக்குத் தினம் 20 நிமிடம், வந்த வலிக்கு 60 நிமிடம். இரண்டுக்கும் தனித்தனி முறை அந்தக் கருவியிலேயே இருக்கிறது, மாற்றி அழுத்திவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்லக்கூடாது. சிலருக்கு இதில் தூக்கம் சொக்கும், அதனால் தடுப்பு வேளையைப் படுக்கப்போகும் முன் வைத்துக்கொள்வது நல்லது. வண்டி ஓட்டும்போது எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு பட்டை ஏறத்தாழ 20 தடவை வரும், எண்ணெய் பிசுக்குள்ள நெற்றிக்கு அத்தனை வராது. பட்டைச் செலவு மாதாமாதம் வரும் என்பதை வாங்கும்போதே கணக்கில் வையுங்கள்.

நெற்றியைத் தொட்டாலே, சீப்பு வைத்தாலே வலிக்கிற ஆட்கள் உண்டு. அவர்களுக்குக் கைக்கருவி பரவாயில்லை. நெரிவியோ என்ற இந்தக் கருவி இஸ்ரேலில் தெரானிகா நிறுவனம் செய்தது, 2019இல் எஃப்.டி.ஏ. அனுமதி, 2023இல் டாக்டர் ரெட்டீஸ் மருந்து நிறுவனம் மூலம் இந்தியாவுக்கும் வந்தது. தலைவலிக்குக் கையில் எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். ஊசி போடும்போது நர்ஸ் பக்கத்தில் தட்டிவிட்டுக் குத்துவார் இல்லையா, ஒரு இடத்து உணர்வு இன்னொரு இடத்து வலியை மங்கச் செய்யும் வழி உடம்பிலேயே இருக்கிறது. கையிலிருந்து போகும் வலுவான செய்தி மூளைத்தண்டை எட்டும்போது, அது உடம்பு முழுவதற்குமாக வலியைத் தணிக்கும் உத்தரவைக் கீழே அனுப்புகிறது, தலையும் அந்த உத்தரவுக்குக் கட்டுப்பட்டதுதான்.

செய்முறை எளிது. தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், கையின் வெளிப்பக்கம், முடியும் எண்ணெயும் இல்லாத தோலில் வைத்துப் பட்டையைக் கட்டுங்கள். போனில் ஆப்பைத் திறந்து ப்ளூடூத்தில் இணைத்தால் 45 நிமிடம் ஓடும். அளவு வைப்பதுதான் முக்கியம்: நன்றாகத் தெரியவேண்டும், வலிக்கக்கூடாது. மதமதவென்று லேசாக இருந்தால் சுகமாகத்தான் இருக்கும், ஆனால் மூளைக்குப் போகிற செய்தி போதாது. நடுவில் பழகிப்போய் மங்கிவிட்டால் ஒரு புள்ளி ஏற்றிக்கொள்ளுங்கள். தடுப்புக்கு என்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள். சட்டைக்குள் கட்டிக்கொண்டு ஆபீஸ் வேலையே பார்க்கலாம், யாருக்கும் தெரியாது. நெற்றிக் கருவியை மாட்டிக்கொண்டு மேனேஜர் முன்னால் உட்கார்ந்தால் அடுத்த ஒரு மணி நேரம் அதற்கு விளக்கம் சொல்லியே வேறு தலைவலி வந்துவிடும்.

எந்தக் கருவியானாலும் நேரம்தான் எல்லாம். கைக்கருவியை வலி தொடங்கி 60 நிமிடத்துக்குள் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். நம் ஆட்களோ காபி குடித்துப் பார்ப்போம், கொஞ்சம் படுத்துப் பார்ப்போம், வேலையை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று மூன்று மணி நேரம் ஓட்டிவிட்டு, வாந்தி வந்து கண்ணைத் திறக்க முடியாத நிலையில் கருவியைத் தேடுவார்கள், அப்போது அதில் சார்ஜ் இருக்காது. மைக்ரேன் முற்றி, தோல் முழுக்கக் கூச ஆரம்பித்த பிறகு மாத்திரைக்கே சரியாகக் கட்டுப்படாது. உங்களுக்கு வருமுன் என்ன அறிகுறி என்று கவனியுங்கள். சிலருக்கு ஓயாத கொட்டாவி, சிலருக்குப் பிடரி இறுக்கம், சிலருக்குக் கண் முன்னால் பளபளவென்று கோணல்மாணல் கோடுகள். எனக்கு இனிப்பு கேட்கும். அந்தக் கட்டத்திலேயே கட்டிவிடுங்கள்.

கழுத்துக் கருவி, காமாகோர், மூளையிலிருந்து கழுத்து வழியாக வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பைத் தட்டுவது. கழுத்தில் நாடி துடிக்கும் இடத்தில் ஜெல் தடவி 2 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும், உதடு ஓரம் லேசாக இழுத்தால் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கழுத்து ரத்தக்குழாயில் அடைப்போ ஸ்டென்ட்டோ உள்ளவர்களுக்கு ஆகாது. மைக்ரேனுக்கும் அனுமதி உண்டு என்றாலும் இதற்குப் பேர் வாங்கிக்கொடுத்தது கிளஸ்டர் தலைவலி, அதாவது ஒரு கண்ணைச் சுற்றிக் குடைந்து, கண்ணீர் வழிந்து, ஆளை உட்காரவிடாமல் நடக்கவைக்கும் அந்தக் கொடூரமான வகை. எந்தச் சிகிச்சை தகும் என்று வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2019இல் அதற்குத்தான் பரிந்துரைத்தது. கிளஸ்டர்காரர்களுக்கு ஒன்று: டாக்டர் ஆக்ஸிஜன் எழுதித் தந்தால் நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர், பை வைத்த முகமூடியில் தேவைப்படும். கொரோனா காலத்தில் வாங்கி வீட்டில் கிடக்கும் கான்சென்ட்ரேட்டர்கள் பெரும்பாலும் 5 அல்லது 10 லிட்டர்தான் தரும், அது போதாது, சிலிண்டர்தான் வேண்டும்.

சரி, எவ்வளவு வேலை செய்யும்? நெற்றிக் கருவியின் பெல்ஜிய ஆய்வில் 67 பேர், மூன்று மாதம். மைக்ரேன் நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் உண்மைக் கருவியில் 100க்கு 38 பேர், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுத்த போலிக் கருவியில் 12 பேர். கைக்கருவி ஆய்வு 252 பேரிடம் நடந்தது, இரண்டு மணி நேரத்தில் வலி தணிந்தவர்கள் 66.7 சதவீதம், போலிக் கருவியில் 38.8. போலிக்கே அவ்வளவு என்பதைக் கவனியுங்கள், நம்பிக்கையும் ஓய்வும் செய்கிற வேலை அதில் கலந்திருக்கிறது. அதனால் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பறந்துபோச்சு என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள், உங்களுக்கும் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஐரோப்பாவில் நெற்றிக் கருவியை 40 நாள் வாடகைக்கு எடுத்த 2,313 பேரைக் கணக்கெடுத்தார்கள். பாதிக்குச் சற்று மேல் திருப்தி. மீதிப் பேர் திருப்பிக் கொடுத்தார்கள், கருவிக்குள் இருந்த பதிவைப் பார்த்தால் வைக்கச் சொல்லியிருந்த நேரத்தில் பாதிகூட அவர்கள் பயன்படுத்தவில்லை, பயனில்லை என்றவர்களில் சிலர் ஸ்விட்சையே போட்டதில்லை! பீரோவில் வைத்த ஒரு மாதத்தை நினைத்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஆகவே வாங்கும் நாளிலிருந்து ஒரு டைரி. பெரிதாக எழுதவேண்டாம், காலண்டர் தாளில் வலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், கருவி வைத்த நேரம், மாத்திரை போட்டால் அதன் பெயர், இரண்டு மணி நேரம் கழித்து எப்படி. தடுப்புக்கு மூன்று மாதம் முழுதாகக் கொடுத்துவிட்டு வட்டங்களை எண்ணுங்கள். குறையவில்லை என்றால் விட்டுவிடலாம். அந்தத் தாளில் இன்னொன்றும் தெரியும்: மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேல் பாராசிட்டமால் மாதிரி சாதா மாத்திரை, மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகை என்றால் 10 நாள், இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். கருவியின் பெரிய லாபம் எனக்கு அங்கேதான் தெரிகிறது, எத்தனை தடவை வைத்தாலும் அந்தச் சிக்கல் இல்லை. அதற்காக டாக்டர் கொடுத்த தடுப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே வைக்கலாம்.

காசு ஒரு விஷயம், மலிவான வேலை இல்லை. திருப்பி எடுப்பார்களா, எத்தனை நாளுக்குள், இந்தியாவில் பட்டை தொடர்ந்து கிடைக்குமா என்று கேட்டுவிட்டே பணத்தைக் கொடுங்கள். இதற்குப் பதிலாக, தசை வலிக்குத் தோல் வழியாகக் கரண்ட் கொடுக்கும் பிசியோதெரபி டென்ஸ் மெஷினைக் கொண்டுவந்து நெற்றியிலும் கழுத்துக்கு முன்னாலும் ஒட்டுகிற அபாய வேலை வேண்டவே வேண்டாம். அதிர்கிற கண் மசாஜ் மாஸ்க் மைக்ரேனுக்கான மருத்துவக் கருவி இல்லை. காசு செலவில்லாமல் முதலில் பார்க்கவேண்டியது ஐஸ்: துணியில் சுற்றி, கழுத்தின் முன்பக்கம் இரு புறமும் நாடி துடிக்கும் இடத்தில் படுமாறு வைத்துக் கட்டுங்கள். 2013இல் வந்த ஹவாய் ஆய்வு ஒன்றில் அரை மணி நேரத்தில் வலி குறைந்ததாகப் பதிவு இருக்கிறது. வெளிச்சம் தாங்காதவர்களுக்கு எஃப்.எல்.41 என்ற ரோஸ் நிறக் கண்ணாடி உதவும். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடியே கதி என்று இருந்தால் கண் இருட்டுக்குப் பழகி, கூச்சம் இன்னும் ஏறும்.

கருவியை வைக்கும் இடம் பீரோ இல்லை, தினம் தூக்கிப்போகும் பை. ஈரத் துடைப்பான் ஒரு பாக்கெட், மாற்றுப் பட்டை ஒன்று, சார்ஜர், நான்கும் ஒரே உறையில். ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய்க் குளியலுக்குப் போகும்போது சார்ஜில் போட்டுவிட்டுப் போவது என் வழக்கம். குளித்து வந்த அன்று நெற்றியை இரண்டு தடவை கழுவவேண்டியிருக்கும்.