நெருஞ்சி முள்ளும் கருங்கல் விளிம்பும்: கொலராடோ, வயோமிங் தடங்களுக்கு டியூப்லெஸ் டயர் பூட்டும் முறை

கொலராடோவில் 50ஆம் எண் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒரே வார இறுதியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு தரைகளில் மவுண்டன் பைக் ஓட்டிவிடலாம். கிழக்கே பியூப்லோ நீர்த்தேக்கத்தின் தென்கரைத் தடங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம், நிழலில்லாத வெளி, களிப்பாறைச் சில்லு, கள்ளி, நெருஞ்சி. மேற்கே மோனார்க் கணவாய் 3,448 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் மோனார்க் கிரெஸ்ட் தடம் மரக்கோட்டுக்கு (மரங்கள் வளரும் உயர எல்லைக்கு) மேலே, மலை முகட்டிலேயே போகும். வயோமிங்கில் செயெனுக்கும் லாரமிக்கும் நடுவே உள்ள கர்ட் கௌடி மாநிலப் பூங்காவில் புல்வெளியும் கருங்கல்லும் ஒரே தடத்தில் மாறி மாறி வரும்.

சமவெளியில் டயரில் ஊசித்துளைகள் விழும், அதுவும் ஒரே நேரத்தில் பத்து இருபது. மலையில் கல் விளிம்பு பக்கச்சுவரைக் கிழிக்கும், அல்லது டயர் ரிம்மோடு நசுங்கி வெட்டுப்படும். டியூப் போட்ட டயர் இந்த இரண்டுக்கும் தாங்காது. டியூப் இல்லாமல் டயரையே ரிம்மில் காற்றுப் புகாதபடி அமர்த்தி, உள்ளே துளையை அடைக்கும் திரவமான சீலண்ட் ஊற்றிய டியூப்லெஸ்தான் வழி. அதைப் பூட்டுவதில் புதியவர்களுக்குப் பெரும்பாலும் ரிம்மின் ஸ்போக் துளைகளை உட்பக்கமிருந்து மூடும் டேப்பை ஒட்டும் இடத்தில்தான் கோளாறு வருகிறது, அதனால் அந்தப் படியை மட்டும் நீளமாக எழுதுகிறேன். சக்கரம் கழற்றவும் டயர் உரிக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்த டயர்

29 அங்குலச் சக்கரம், 2.4 அங்குல அகலம், பக்கச்சுவரில் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு உள்ள டிரெயில் ரக டயர். எடை 900 முதல் 1,000 கிராம் வரை இருக்கும். 700 கிராம் பந்தய டயர்கள் ஏற்றத்தில் சுகம்தான். ஆனால் அந்தப் பக்கச்சுவரை நம்பிக் கருங்கல்லில் இறங்கச் சொல்ல மாட்டேன். எடையைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் முன்சக்கரத்தில் குறையுங்கள். பின்சக்கரம்தான் உங்கள் எடையில் பெரும்பங்கைச் சுமந்து கல்லில் மோதுகிறது.

டயரிலும் ரிம்மிலும் டியூப்லெஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண டயரைச் சீலண்ட் ஊற்றி ஒப்பேற்றினால் அதன் விளிம்பு ரிம்மிலிருந்து நழுவிவிடும்.

படி 1: ரிம்மைச் சுத்தம் செய்தல்

பழைய டேப்பை உரித்த பிறகு மிஞ்சும் பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து எடுங்கள். புது ரிம்மாக இருந்தாலும் துடையுங்கள். தொழிற்சாலை எண்ணெய்ப் படலம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் டேப் அதன்மேல் ஒட்டாது. துடைத்தபின் பத்து நிமிடம் காய விடுங்கள். ரிம்மின் உட்பக்கத்தை விரலால் தொடவே வேண்டாம்.

படி 2: டேப் (அவசரம் கூடாது)

முதலில் அகலம். ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 4 மி.மீ. கூடுதலாக டேப் வேண்டும். உள் அகலம் 30 மி.மீ. என்றால் 32 அல்லது 34 மி.மீ. டேப். காரணம், ரிம்மின் உட்புறம் தட்டையானது இல்லை, நடுவில் பள்ளம் உண்டு. டேப் அந்தப் பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறும்போது அகலத்தை இழக்கிறது. 30க்கு 30 வாங்கினால் டேப்பின் ஓரம் டயர் உட்காரும் மேட்டுக்குக் கீழேயே நின்றுவிடும். முதல் நாள் காற்று நிற்கும். சில நாளில் சீலண்ட் ஓரத்தின் அடியில் புகுந்து டேப்பைக் கிளப்பிவிடும்.

வால்வுத் துளைக்கு ஒரு சாண் முன்னால் தொடங்குங்கள். டேப்பை இழுத்துப் பிடித்தபடி, பத்துப் பதினைந்து சென்டிமீட்டராக ஒட்டி, கட்டைவிரலால் நடுப்பள்ளத்திலிருந்து இரு ஓரங்களுக்கும் அழுத்திக்கொண்டே போங்கள். இழுவை தளர்ந்தால் பள்ளத்தில் காற்றுக்குமிழி நிற்கும். ரிம்மின் ஸ்போக் துளைகளின் மேல் டேப் விறைப்பாக இருக்க வேண்டும். சுற்றி வந்து, வால்வுத் துளையைத் தாண்டி ஒரு சாண் தூரம் மேலடுக்காக ஒட்டி வெட்டுங்கள். வால்வின் எதிர்ப்பக்கத்தில் முடிப்பவர்களும் உண்டு. எனக்கு வால்வின் மேலேயே முடிப்பதுதான் பிடிக்கும், ஏனென்றால் அங்கே டேப் இரட்டை அடுக்காகிறது, வால்வின் அடிரப்பரும் அதை அழுத்திப் பிடிக்கிறது.

இனி பெரும்பாலோர் விட்டுவிடும் வேலை. டியூப்லெஸ் வால்வைப் பூட்டுவதற்கு முன், அடுத்த பத்தியில் சொல்லும் முறையில் டேப்பில் துளை போட்டு, ஒரு பழைய டியூபின் வால்வை அதன் வழியே நுழைத்து, டயரை மாட்டி 30 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) காற்றடித்து ஓர் இரவு விடுங்கள். டியூபின் அழுத்தம் டேப்பை ரிம்மின் எல்லா மடிப்புகளிலும் ஒரே சீராக அமர்த்திவிடும். விரலால் எவ்வளவு தேய்த்தாலும் இந்தச் சீர் வராது.

துளையைக் கத்தியால் பெருக்கல் குறியாகக் கீறாதீர்கள். கீறலின் நுனி அழுத்தத்தில் மேலும் கிழியும். கூர்மையான குத்தூசியின் முனையைச் சூடாக்கி, வால்வுத் துளையின் நடுவில் குத்துங்கள். பிளாஸ்டிக் உருகி, விளிம்பு உருண்டு, வட்டமான துளை கிடைக்கும். அது வால்வுத் தண்டைவிடச் சற்றுச் சிறிதாக இருப்பதே நல்லது. தண்டை அழுத்தி நுழைத்தால் டேப் அதைக் கவ்விக்கொள்ளும்.

படி 3: வால்வு

அடிரப்பரின் வடிவம் உங்கள் ரிம்மின் பள்ளத்தோடு பொருந்த வேண்டும். பள்ளம் குறுகலாக இருந்தால் கூம்பு வடிவம், அகலமாக இருந்தால் செவ்வக வடிவம். வெளியே பூட்டும் நட்டைக் கையால் மட்டும் முறுக்குங்கள். குறடு வைத்து முறுக்கினால் ரப்பர் பிதுங்கிக் கசியும். தவிர, வழியில் டியூப் போட நேர்ந்தால் அந்த நட்டைக் கையால் கழற்ற முடியாமல் மாட்டிக்கொள்வீர்கள்.

படி 4: டயரை அமர்த்துதல்

வால்வு கோரை, அதாவது வால்வின் உள்ளே திருகியிருக்கும் சிறு அடைப்பானை, கழற்றிவிடுங்கள். அப்போதுதான் காற்று வேகமாக உள்ளே போகும். டயரின் இரு விளிம்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். விளிம்புகள் ரிம்மின் நடுப்பள்ளத்தில் கிடக்கும்படி மாட்டி, காற்றுத் தொட்டியுள்ள பம்பாலோ கம்ப்ரஸராலோ ஒரே மூச்சில் காற்றடியுங்கள். டப் டப் என்று சத்தம் கேட்டால் விளிம்பு மேட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டது. டயர், ரிம் இரண்டிலும் அச்சிட்டிருக்கும் உச்ச அழுத்தங்களில் எது குறைவோ அதைத் தாண்டாதீர்கள். டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று ஓடும். அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிய வேண்டும்.

உட்காரவே மறுத்தால் டியூபை உள்ளே போட்டுக் காற்றடித்து இரண்டு விளிம்புகளையும் ஏற்றுங்கள். பிறகு ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி டியூபை உருவுங்கள். மறுபக்கம் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதால் இப்போது பாதி வேலைதான் மிச்சம்.

சீலண்ட் ஊற்றும் முன்பே கசிவைப் பாருங்கள். சோப்புத் தண்ணீரை ஸ்போக் நுனிகளிலும், ரிம் இணைப்பிலும், வால்வைச் சுற்றிலும் தெளியுங்கள். ஸ்போக் அருகே குமிழி வந்தால் டேப் ஒட்டவில்லை என்று பொருள். குமிழி வரும் ஸ்போக்கின் அடியில்தான் ஓட்டை இருக்கும் என்று எண்ண வேண்டாம். டேப்பைத் தாண்டிய காற்று ரிம்மின் உட்கூட்டுக்குள் ஓடி எங்கே வழி கிடைக்கிறதோ அங்கே வெளியேறும். கூடுதல் சீலண்ட் ஊற்றி இதை மறைக்கப் பார்ப்பது வீண். உரித்து மறுபடி ஒட்டுங்கள்.

படி 5: சீலண்ட்

ஒரு டயருக்கு 120 மி.லி. டப்பாவில் குறைவாகச் சொல்லியிருந்தாலும் இந்தப் பக்கத்துக்கு 120தான். காற்று வறண்டது, சீலண்டில் உள்ள நீர் சீக்கிரம் போய்விடும், நெருஞ்சியோ பல துளைகளை ஒரே நேரத்தில் போடும். வால்வு கடிகாரத்தின் 4 அல்லது 8 மணி நிலையில் இருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி, சிரிஞ்சால் வால்வு வழியாகச் செலுத்துங்கள். கோரை மாட்டி, 30 பிஎஸ்ஐ அடித்து, சக்கரத்தைச் சுழற்றி, பிறகு ஒரு வாளியின் மேல் கிடையாகப் பத்து நிமிடம் வைத்து, திருப்பிப் போட்டு இன்னொரு பத்து நிமிடம். அன்றே ஒரு சிறு சுற்று ஓட்டிவிடுங்கள். சீலண்ட் எல்லா இடத்திலும் பரவ ஓட்டுவதுதான் சிறந்த வழி.

கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கோரைக் கழற்றி, மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை வால்வு வழியே விட்டுப் பாருங்கள். நுனி நனையவில்லை என்றால் 60 மி.லி. சேர்க்க வேண்டும்.

காற்றழுத்தம்

சுமையோடு 75 கிலோ எடை, 2.4 அங்குல டயர், 30 மி.மீ. ரிம் என்றால் முன்னே 21, பின்னே 24 பிஎஸ்ஐயில் தொடங்குங்கள். எடை 5 கிலோ கூடினால் 1 கூட்டுங்கள். கர்ட் கௌடி போன்ற கருங்கல் தடத்தில் பின்னே மட்டும் 2 கூட்டுங்கள். ரிம் கல்லில் இடிக்கும் சத்தம் ஒரு முறைக்கு மேல் கேட்டால் அழுத்தம் போதாது.

டிஜிட்டல் அளவி ஒன்று அவசியம் வாங்குங்கள். நின்று அடிக்கும் பம்பின் முள் 160 வரை காட்டும். அதில் 21க்கும் 24க்கும் வித்தியாசம் தெரியாது.

உயரத்தை மறக்க வேண்டாம். அளவி காட்டுவது டயருக்கு உள்ளும் வெளியும் உள்ள அழுத்த வித்தியாசத்தை. பியூப்லோவிலிருந்து மோனார்க் கணவாய் ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் 2.5 பிஎஸ்ஐக்குச் சற்று மேல் குறைகிறது. டயரின் வெப்பம் மாறாமல் இருந்தால் அளவியில் அவ்வளவும் கூடும். ஆனால் 32 டிகிரி வெயிலிலிருந்து 10 டிகிரி காலைக் குளிருக்கு வந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி அதே அளவு குறையும். ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுவதால் காலையில் அளவி சரியாகக் காட்டும். வெயில் ஏறியதும் டயர் கல்லாக இறுகி, சரளையில் வழுக்கும். எனவே தடம் தொடங்கும் இடத்தில் ஒரு முறை, வெயில் ஏறியபின் ஒரு முறை அளந்து, தேவைப்பட்டால் காற்றைக் கொஞ்சம் இறக்குங்கள்.

தடத்தில்

நெருஞ்சி பெரும்பாலும் தடத்தின் நடுவில் இருக்காது. மண் கிளறிய இடங்களில், அதாவது வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில், சாலை ஓரத்தில் தரையோடு படர்ந்திருக்கும். கோடை நடுவிலிருந்து முதல் உறைபனி வரை காய் முற்றி உதிரும். அந்த மாதங்களில் வண்டியிலிருந்து தடம் வரை சைக்கிளைத் தூக்கிக்கொண்டே போங்கள். டயரில் முள் தைத்து, காற்று இறங்காமல் இருந்தால் அங்கே பிடுங்காதீர்கள். வீட்டுக்கு வந்தபின் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, துளை கீழே வரும்படி சக்கரத்தைச் சுழற்றினால் சீலண்ட் அடைத்துவிடும்.

கல் கிழித்த வெட்டுக்கு ரப்பர் திரி. 5 திரிகளும், அதை நுழைக்கும் ஊசியும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். காற்று சீறத் தொடங்கிய உடனே திரியை நுழைத்தால் டயர் விளிம்பு ரிம்மைவிட்டு இறங்காது. சிறிய கைப்பம்பே என் தேர்வு. கார்பன் டை ஆக்சைடு குப்பி பல லேடெக்ஸ் சீலண்டுகளைத் திரித்துக் கட்டியாக்கிவிடும். மோனார்க் கிரெஸ்டில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பிற்பகல் இடிமின்னல் வழக்கமானது. மதியத்துக்குள் முகட்டைவிட்டு இறங்கிவிட வேண்டும், எனவே அங்கே ஐந்து நிமிடத்தில் முடியும் பழுதுநீக்கம்தான் பயன்படும்.

பின்னர் சேர்த்தது

பின்னூட்டங்களில் திரும்பத் திரும்ப வந்த சிக்கல் இது: வழியில் டியூப் போட்டார்கள், நூறு மீட்டரில் அதுவும் இறங்கிவிட்டது. டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் மாதக்கணக்கில் தைத்த முட்கள் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கும். சீலண்ட் அடைத்துவிடுவதால் அவை இருப்பதே தெரியாது. டியூபை நுழைக்கும் முன் டயரின் உள்ளே கையுறை போட்ட கையால் மெதுவாகத் தடவி, தட்டுப்படும் ஒவ்வொரு முள்ளையும் சிறு குறடால் வெளிப்பக்கமிருந்து பிடுங்குங்கள். முனை உடைந்து உள்ளேயே நின்றால் உட்பக்கமிருந்து தள்ளி எடுங்கள். பக்கச்சுவரில் வெட்டு இருந்தால் பழைய டயர்த் துண்டு ஒன்றை உள்ளே வைத்துவிட்டு டியூபைப் போடுங்கள், இல்லாவிட்டால் டியூப் வெட்டு வழியே பிதுங்கும். இப்போது அழுத்தம் 28க்குக் குறையாமல் இருக்கட்டும். 21இல் டியூபோடு கருங்கல்லில் இறங்கினால் முதல் படிக்கட்டிலேயே ரிம் டியூபைக் கடித்துவிடும்.