பி.ஏ. பொருளியல்: சேரும் முன்பே பார்க்க வேண்டியவை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் அரசு கலைக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. பி.ஏ. பொருளியலுக்கு பிளஸ் டூ தேர்ச்சி போதும். எல்லா அரசு கலைக் கல்லூரிகளுக்கும் ஒரே இணையதளத்தில்தான் விண்ணப்பம். தரவரிசைக்கு 600 மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை. மொழிப்பாடங்கள் இரண்டையும் கழித்துவிட்டு மீதி நான்கு பாடங்களின் 400-ஐத்தான் பார்ப்பார்கள். சாதிச் சான்றிதழ் கையில் இல்லாமல் கலந்தாய்வுக்குப் போனால் இடஒதுக்கீட்டு இடம் கை நழுவும்.

பலரும் கோட்டை விடுவது பயிற்று மொழியில். ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு தமிழ்நாடு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. பள்ளி முழுக்கத் தமிழில் படித்துவிட்டு, கௌரவத்துக்காகக் கல்லூரியில் ஆங்கில வழி எடுத்தால், பட்டத் தகுதிப் பணிகளில் அந்த முன்னுரிமை போய்விடும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னடம், உருது வழியில் படித்தவர்கள் தமிழை முதலிலிருந்தே கவனிக்க வேண்டும்: டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் தமிழில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள்.

அடுத்தது கணக்கு. கணக்குக்குப் பயந்து எகனாமிக்ஸ் எடுப்பவர்கள் புள்ளியியல் தாளில் அரியர் வைக்கிறார்கள். பிளஸ் டூவில் வணிகக் கணிதம் படிக்காதவர்கள், வகுப்பு தொடங்கும் முன்பே சதவீதம், வரைபடம், சராசரி, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்ற அளவு) ஆகியவற்றைப் போட்டுப் பழக வேண்டும். இதன் பலன் பெரியது. மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பணிக்கு, பிளஸ் டூ கணிதத்தில் 60 விழுக்காடு அல்லது பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும். ஆகவே சேரும் முன்பே பாடத்திட்டத்தில் புள்ளியியல் தாள் இருக்கிறதா என்று துறையில் கேளுங்கள்.

வெறும் பி.ஏ.வோடு பொருளியல் நிபுணர் வேலை கிடைக்காது. குரூப் 2, வங்கித் தேர்வுகளுக்கு அது போதும். இந்தியப் பொருளாதாரப் பணிக்கு எம்.ஏ. கட்டாயம், வயது 21 முதல் 30. மேல்நிலைப் பள்ளிப் பொருளியல் ஆசிரியராக எம்.ஏ.வுடன் பி.எட். வேண்டும்.

தகுதி உள்ள மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும். சேர்ந்த வாரமே வங்கிக் கணக்கில் ஆதாரை இணைத்துவிடுங்கள். விண்ணப்பம் சரியாக இருந்தும் பணம் வராமல் நிற்பது பெரும்பாலும் ஆதாரை இணைக்காததால்தான்.