19-இல் பேசாத ரேடியோ: பழைய 23 சேனல் சி.பி.யைப் பழுது பார்த்து அலைன் செய்வது

அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஸீனியாவில் ஒவ்வொரு மே மாதமும் ஹாம் ரேடியோக்காரர்களின் பெரிய சந்தை கூடும். போன வருடம் அங்கே 15 டாலருக்கு ஒரு சி.பி. ரேடியோ (சிட்டிசன்ஸ் பேண்ட், பொதுமக்கள் பேசிக்கொள்ளும் 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ) வாங்கினேன். 1970களின் நடுவில் ஜப்பானில் செய்தது, 23 சேனல். விற்றவர் மறைக்காமல் சொல்லிவிட்டார்: "எல்லாச் சேனலும் கேட்கும். ஆனால் 19-இல் பேசினால் யாருக்கும் கேட்காது." லாரி ஓட்டுநர்கள் இருப்பதே 19-இல்தான். அதில் பேசாத சி.பி.யை யார் வைத்திருப்பார்கள்?

மூடியைத் திறந்ததும் சிரிப்புதான் வந்தது. எல்லாக் காயில்களிலும் கோரை அசையாமல் பிடித்திருக்கும் மெழுகு உடைந்திருந்தது. கோர் என்பது காயிலின் உள்ளே திருகித் திருப்பும் ஃபெரைட் துண்டு; யாரோ ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒவ்வொரு கோராகத் திருகிப் பார்த்திருக்கிறார். மானாமதுரையில் ரேடியோ கடை வைத்திருந்த என் சித்தப்பா, ஐ.எஃப்.டி.யை (ரேடியோவின் உள்ளே டியூன் செய்யும் காயிலை) வீட்டிலேயே திருகிவிட்டுக் கொண்டுவரும் செட்டுக்கு இரட்டைக் கூலி வாங்குவார். "பழுது ஒரு இடத்தில், இவன் கைவைத்தது ஒன்பது இடத்தில்" என்பார். ஆகவே என் வரிசை இது: முதலில் பழுது, அப்புறம் மற்றவர்கள் செய்த மாற்றங்களைக் கழற்றுவது, கோரைத் தொட்டு அலைன் செய்வது கடைசியில்.

மின்சாரம் கொடுக்கும் முன் பியூஸைப் பாருங்கள். என்னுடையதில் சூயிங்கம் சுற்றிய வெள்ளிக் காகிதம் இருந்தது. பேட்டரி வயரை மாற்றிக் கொடுத்தால் பியூஸைப் போக்குவதற்காக உள்ளே குறுக்கே ஒரு டயோடு இருக்கும். அது இருந்த இடத்தில் கருகிய இரண்டு கால்கள் மட்டும் நின்றன. 3 ஆம்பியர் டயோடு ஒன்றும் 2 ஆம்பியர் பியூஸும் போட்டேன். காய்ந்துபோன எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள் ஒன்பதையும் மாற்றினேன். பிறகு கரண்ட் லிமிட் உள்ள சப்ளையில் 13.8 வோல்ட். லிமிட்டை அரை ஆம்பியரில் வைத்துத் தொடங்குங்கள். கேட்கும் நிலையில் என் செட் கால் ஆம்பியர் எடுத்தது, சரிதான். பேசும் சோதனைக்குப் போகும்போது லிமிட்டை 2 ஆம்பியருக்கு ஏற்றிக்கொள்ளலாம்.

இனி 19-இன் கதை. 1977 ஜனவரியில் 40 சேனல் வருவதற்கு முன் சி.பி.க்கு 23 சேனல்தான். என்னுடையது போன்ற செட்களில் பி.எல்.எல். (ஒரே கிரிஸ்டலிலிருந்து பல அதிர்வெண்களை உண்டாக்கும் சர்க்யூட்) கிடையாது, 14 கிரிஸ்டல்களைக் (ஒவ்வொன்றும் ஒரு அதிர்வெண்ணில் அதிரும் குவார்ட்ஸ் துண்டு) கலந்தே எல்லாச் சேனலும் பிறக்கின்றன. 37.600 முதல் 37.850 மெகாஹெர்ட்ஸ் வரை 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஆறு. பேசுவதற்கு 10.635, 10.625, 10.615, 10.595 என்று நான்கு. கேட்பதற்கு 10.180, 10.170, 10.160, 10.140 என்று இன்னொரு நான்கு. பெரியதிலிருந்து பேசும் பக்கத்துச் சின்னதைக் கழித்தால் சேனல் கிடைக்கும். 37.600-இலிருந்து 10.635 போனால் 26.965, அது சேனல் 1. 37.800-இலிருந்து 10.615 போனால் 27.185, அது 19.

இந்தக் கணக்கு தெரிந்தால் பாதிப் பழுதை உள்ளே மீட்டர் வைக்காமலே கண்டுபிடிக்கலாம். டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் ரெசிஸ்டர்) போட்டு 23 சேனலிலும் ஒருமுறை மைக் பட்டனை அழுத்தி, எதில் பவர் வருகிறது, எதில் வரவில்லை என்று தாளில் எழுதுங்கள். 5, 6, 7, 8 என்று அடுத்தடுத்து நான்கு சேனல்கள் பேசுவதும் கேட்பதும் செத்திருந்தால் 37 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்களில் ஒன்றைச் சந்தேகியுங்கள். நான்கு நான்காகத் தாண்டிச் செத்திருந்தால் 10 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். என் தாளில் 3, 7, 11, 15, 19 ஐந்தும் பேசவில்லை, ஆனால் கேட்டன. அப்படியென்றால் பேசும் பக்கத்து 10.615-ஐத் தவிர வேறெதுவும் இருக்க முடியாது. விற்றவர் 19-ஐ மட்டுமே கவனித்திருக்கிறார்.

கிரிஸ்டல் நன்றாகவே இருந்தது. சேனல் சுவிட்சில் அதற்குரிய காலில் டிரை சோல்டர், அதாவது சரியாக ஒட்டாத ஈயம். அதே காலிலிருந்து ஒரு நீளமான சிவப்பு வயர், 22-க்கும் 23-க்கும் நடுவே உள்ள காலியிடத்துக்குப் போயிருந்தது. அந்தக் காலத்துக் குறும்பு இது. 37.850-இலிருந்து 10.615 போனால் 27.235 கிடைக்கும். சி.பி.க்கு அப்போது ஒதுக்கப்படாத அதை '22 ஏ' என்று பயன்படுத்தினார்கள். 40 சேனல் வந்தபின் அதுவே 24 ஆகிவிட்டது. அந்த வயரை வைக்கப் போய்த்தான் பழைய ஈயத்தைக் கெடுத்திருக்கிறார்கள்.

ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்ததும் ஐந்து சேனலும் பேசின. வயரை மட்டும் சோம்பலில் விட்டுவிட்டேன். அதிர்வெண் அளக்கும் கவுண்டரை அரைமணி நேரம் சூடேற விட்டு, டம்மி லோட் பக்கத்தில் ஒரு சுற்று வயரால் பிடித்து அளந்தேன். மற்றச் சேனல்கள் 200 ஹெர்ட்ஸுக்குள் நின்றன. இந்த ஐந்து மட்டும் ஏறக்குறைய 600 ஹெர்ட்ஸ் மேலே. சட்டம் அனுமதிப்பது 0.005 சதவீதம், அதாவது 1,350 ஹெர்ட்ஸ் அளவு, அதற்குள்தான் இருந்தது. ஆனாலும் ஒரே கிரிஸ்டலின் சேனல்கள் மட்டும் சேர்ந்து விலகினால் காரணம் அந்தக் கிரிஸ்டலிடம்தான். தொங்கும் வயரின் கண்டென்சர் குணம் கிரிஸ்டலைக் கொஞ்சம் கீழே இழுக்கிறது. நாம் கழிப்பது அதைத்தான் என்பதால் சேனல் மேலே போகிறது. வயரை வெட்டினேன், வரிசைக்கு வந்துவிட்டன.

இப்போதுதான் கோர். இரும்பு ஸ்குரூ டிரைவர் வேண்டாம். அது கிட்டே வந்தாலே டியூனிங் மாறும், ஃபெரைட்டும் உடையும். நான் பழைய டூத் பிரஷ் காம்பை அரத்தில் தேய்த்து வைத்திருக்கிறேன். இறுகிய கோரை வற்புறுத்தாமல், தலை உலர்த்தும் டிரையரால் லேசாகச் சூடு காட்டுங்கள். திருப்பும் முன் ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் பகுதிக்கு நான் எடுப்பது சேனல் 11, அதாவது 27.085. பலர் பட்டையின் நடு என்று 13-ஐ எடுப்பார்கள். ஆனால் இந்த வகை செட்டில் முதல் ஐ.எஃப். (வரும் சிக்னலை உள்ளே மாற்றிக்கொள்ளும் இடை அதிர்வெண்) 10.595-க்கும் 10.635-க்கும் இடையே சேனலோடு மாறும். 13-இல் அது 10.635, ஒரு ஓரம். 11-இல் 10.615, ஏறக்குறைய நடு. ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் ரெசிஸ்டர், அதன் குறுக்கே ஏ.சி. மீட்டர். சிக்னல் ஜெனரேட்டரில் 1,000 ஹெர்ட்ஸ், 30 சதவீத மாடுலேஷன் (அலையின் மீது ஒலியை ஏற்றும் அளவு). சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் ஸ்குவெல்ச் முழுக்கத் திறந்திருக்கட்டும். இரண்டாவது ஐ.எஃப். ஆன 455 கிலோஹெர்ட்ஸ் காயில்களில் கடைசியிலிருந்து முன்னோக்கி வந்து, பிறகு 10.6 காயில்கள், கடைசியில் ஆன்டெனா பக்கத்துக் காயில். மீட்டர் ஏற ஏற ஜெனரேட்டரைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இல்லாவிட்டால் சிக்னலுக்கேற்பப் பெருக்கத்தைத் தானாகக் குறைக்கும் ஏ.ஜி.சி. குறுக்கே வந்து உச்சத்தை மழுப்பிவிடும்.

ஒரு 455 காயில் என்னை இரண்டு மணி நேரம் அலைக்கழித்தது. கோர் அடிமட்டத்தில் போய் முட்டியும் மீட்டர் ஏறிக்கொண்டே இருந்தது. கோரின் முனையில் கிடைப்பது உச்சமே இல்லை. உச்சம் என்றால் தாண்டினால் இறங்கவேண்டும். காயிலைக் கழற்றிப் பார்த்தால் அடியில் உள்ள சின்னக் குழாய்க் கண்டென்சரின் வெள்ளிப் பூச்சு கறுத்திருந்தது. அதை உடைத்து எடுத்துவிட்டு, கால்களின் குறுக்கே 180 பிகோ ஃபாரட் ஒன்றை வைத்தேன். கோர் நடுவிலேயே உச்சத்துக்கு வந்தது. முடிவில் 0.7 மைக்ரோவோல்ட் சிக்னலுக்கே இரைச்சலைவிட 10 டி.பி. கூடுதல் கிடைத்தது. 1-ஐயும் 23-ஐயும் போட்டுப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும்.

பேசும் பகுதி எளிது, அவசரப்படாவிட்டால். டம்மி லோட் இல்லாமல் பட்டனைத் தொடாதீர்கள், பத்து நொடிக்கு மேல் அழுத்தியும் வைக்காதீர்கள். சேனல் 11-இல் மிக்ஸர், டிரைவர், ஃபைனல் காயில்களை வரிசையாக உச்சத்துக்குக் கொண்டுவந்ததில் 2.6 வாட் 3.7 ஆனது. சட்டப்படி 4 வாட்தான் எல்லை, அதோடு நிறுத்துங்கள். ஆன்டெனா பக்கத்தில் தனியாக ஒரு காயில் இருக்கும். அதைப் பவருக்காகத் திருகவே கூடாது. இரண்டாவது ஹார்மோனிக் (நம் அலையின் இரு மடங்கு அதிர்வெண்ணில் வரும் கசிவு) 54 மெகாஹெர்ட்ஸ் பக்கம் விழும், அமெரிக்காவில் டி.வி. சேனல் 2 தொடங்குவதே அங்குதான். அதை விழுங்குவதற்காக வைத்த காயில் அது. டைனி எஸ்.ஏ.வை (கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர்) சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் வழியாக வைத்து, 54.17-இல் குறைந்தபட்சத்துக்கு நிறுத்தினேன். பவரில் ஒரு பத்தில் ஒரு பங்கு வாட் குறைந்தது, போகட்டும்.

மாடுலேஷன் லிமிட்டர் டிரான்சிஸ்டரின் ஒரு காலையும் யாரோ வெட்டியிருந்தார்கள், சத்தம் கூடும் என்று. ஸ்கோப்பில் பார்த்தால் அலையின் பள்ளங்கள் பூஜ்யத்தில் தட்டையாகக் கிடந்தன. சத்தம் கூடுவதில்லை, பக்கத்துச் சேனல்களில் கரகரப்பு கொட்டும், அவ்வளவுதான். காலை ஒட்டவைத்தபின் 90 சதவீதத்தில் நின்றது.

மூடியைப் போட்டு ஒருமுறை அளந்து பார்த்தபின் கோர்களில் ஒரு சொட்டு மெழுகு. நெயில் பாலிஷ் வைக்காதீர்கள், அடுத்துத் திறப்பவர் நம்மைத் திட்டுவார்.

டேட்டனுக்கு வடக்கே 70-உம் 75-உம் குறுக்கிடும் நெடுஞ்சாலைச் சந்திப்புக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, 19-இல் ரேடியோ செக் கேட்டேன். கொஞ்ச நேரம் யாருமில்லை. அப்புறம் இண்டியானாப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒருவர், "நன்றாகக் கேட்கிறது, என்ன பழைய மைக்கா அது?" என்றார். ஆமாம், மைக் இன்னும் பாக்கி.