வயலுக்கும் தேவாலய வளாகத்துக்கும் இடையே எல்லையைச் சரிசெய்த கதையும் முறையும்

திருநெல்வேலிப் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் எங்களுக்குள்ள நெல்வயலின் மேற்கு வரப்பு, ஊர்த் தேவாலய வளாகத்தை ஒட்டிச் செல்கிறது. அது உண்மையான எல்லையிலிருந்து எங்கள் பக்கம் ஒதுங்கியிருப்பதைக் கண்டறிந்து, பத்திரத்திலும் பட்டாவிலும் ஏற்றி முடிக்க எனக்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அதில் பாதிக் காலம் என் தவற்றாலேயே போயிற்று என்பதால், அந்தத் தவறு நிகழ்ந்த இடத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பட்டா, அ-பதிவேடு என்னும் கிராம நிலப் பதிவேட்டின் நகல், வில்லங்கச் சான்று ஆகியவற்றை எடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். உங்கள் புல எண்ணுக்கு மட்டுமல்லாமல் தேவாலயத்தின் புல எண்ணுக்கும் புலப்பட நகலை, அதாவது எல்லை அளவுகளைக் காட்டும் சர்வே வரைபடத்தின் நகலை, எடுத்துக்கொள்ளுங்கள். பொது எல்லையின் நீளம் இரண்டு படங்களிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கொடைப்பத்திரம் கிடைத்தால் மகிழ்ச்சி, ஆனால் அதை வைத்து அளக்க முடியாது. இத்தனை மரக்கால் விதைப்பாடு (இத்தனை மரக்கால் விதை விதைக்கும் நிலம்), கிழக்கே இன்னார் வயல் என்றுதான் அதில் எழுதியிருக்கும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்றிருப்பதில் ஏரை ஏக்கரென்று படித்துவிடாதீர்கள். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ இரண்டரை சென்ட்.

அடுத்தது கல். வரப்போரத்தில் நிற்கும் கல்லெல்லாம் சர்வே கல் ஆகிவிடாது. எங்கள் வயலின் வடமேற்கு மூலையில் நான் எல்லைக்கல் என்று நம்பியிருந்தது, சுற்றுச்சுவர் எழுப்பும் எண்ணத்தில் எப்போதோ ஊன்றி, பின்பு கைவிட்ட கல்தூண். அரசு நட்ட கல்லின் தலையில் வெட்டுக்குறி இருக்கும். பெரும்பாலும் அது மண்ணுக்குள் புதைந்திருக்கும். பிசான நெல்பருவத்தின் அறுப்பு முடிந்து தாள் காய்ந்த பங்குனியில் தேடினால் எளிது. கல்லை எடுப்பதோ நகர்த்துவதோ ஓராண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்பதால், கடப்பாரையை ஆளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

இனி நான் வழுக்கி விழுந்த படி. புலப்படத்தில் இரு கற்களை இணைக்கும் நேர்கோடு ஒன்று இருக்கும். அதை ஜி லைன் என்பார்கள். அந்தக் கோட்டில் எழுதியுள்ள எண்கள் தொடக்கக் கல்லிலிருந்து தொடர்ந்து எண்ணும் தொலைவுகள், ஆகவே அவற்றை ஒன்றோடொன்று கூட்டக் கூடாது. அக்கோட்டிலிருந்து செங்குத்தாக விலகும் சிறு கோடுகளுக்குத் தனி எண்கள் உண்டு. இவ்வளவும் எனக்குச் சரியாகவே புரிந்தது. எண்ணின் அலகைத்தான் பார்க்கத் தவறினேன். என் கையில் இருந்தது பழைய நகல், அதன் அளவுகள் லிங்க் கணக்கில் இருந்தன. 66 அடிச் சங்கிலிக்கு 100 லிங்க், ஆகவே ஒரு லிங்க் 7.92 அங்குலம். கிழக்குக் கல்லிலிருந்து மேற்கு எல்லைக்கு 238 என்று இருந்ததை நான் அடி என்று எடுத்துக்கொண்டு, தேவாலய ஊழியரான உபதேசியாரை நாடாவின் நுனியைப் பிடிக்கச் சொல்லி இழுத்துக்கொண்டே போனேன். வரப்பைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, மணிக்கூண்டின் படிக்கட்டில் போய் அவர் நின்றார். “அண்ணாச்சி, இந்தக் கணக்குப்படி பாத்தா நாங்க மணியடிக்கதே ஒங்க வயல்லதான்” என்றார். சிரிக்காமல் சொன்னார் என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. 238 லிங்க் என்பது 157 அடி 1 அங்குலம். 81 அடியை நான் சும்மா சேர்த்திருக்கிறேன்.

திருத்தி அளந்தபோது வரப்பு எங்கள் பக்கம் 2.4 மீட்டர் உள்ளே இருந்தது. நீளம் 60 மீட்டர், ஆக மொத்தம் 1.44 ஏர், ஏறக்குறைய மூன்றரை சென்ட். சபையாரின் பொதுவிருந்தான அசனப் பண்டிகைக்கு அடுப்புக்குழி வெட்டுவது அந்தத் துண்டில்தான்.

கருவி பற்றி என் கருத்து: உருக்கு நாடாவே போதும். துணி நாடா இழுத்தால் நீளும், கைப்பேசிச் செயலி பல மீட்டர் பிசகும். இரண்டரை மீட்டர் வழக்கில் கைப்பேசியை நீட்டுகிறவரோடு நான் பேசுவதில்லை.

நம் அளவு நம் மனத்தெளிவுக்கு மட்டுமே. அதிகாரபூர்வ அளவுக்கு, இணையவழியிலோ இ-சேவை மையத்திலோ அத்துக்காட்ட, அதாவது எல்லையை அளந்து காட்டக் கோரி விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். பக்கத்து நிலத்தாருக்கு அறிவிப்புப் போன பிறகு குறுவட்ட நில அளவர் வருவார். ஞாயிறு அன்று அளவை வைத்துக்கொள்ள முயலாதீர்கள்; சபையார் யாரும் வரமாட்டார்கள்.

அளந்து முடிந்ததும் வரப்பைப் பழைய இடத்துக்குத் தள்ளலாம், அல்லது நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்ளலாம். நீதிமன்றம் மூன்றாவது வழி. ஆனால் 12 ஆண்டுக்கு மேற்பட்ட எதிரிடை அனுபவம் (பிறர் நிலத்தைத் தனதென்று நெடுங்காலம் அனுபவித்ததால் உரிமை கோருவது) என்ற வாதம் அங்கே கிளம்பினால் வழக்கு எளிதில் முடியாது. எங்களுக்குத் தெற்கு மூலையில் டிராக்டர் இறங்க வழியில்லை, அவர்களுக்கு அசன இடம் வேண்டும். ஆகவே சம அளவில் பரிவர்த்தனைப் பத்திரம் எழுதினோம்.

குருவானவர் நல்லவர், உடனே சம்மதித்தார். ஆனால் அவர் கையெழுத்து செல்லாது. சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அவர் தரப்பில் அதிகாரம் பெற்றவரே கையொப்பமிட வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டலச் சொத்துகள் பல டி.டி.டி.ஏ. என்னும் டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருக்கின்றன. கத்தோலிக்கச் சபையென்றால் மறைமாவட்டத்தைக் கேட்க வேண்டும். ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின் குழுவான சேகரக் கமிட்டியின் தீர்மானம், மேலிடத்தின் ஒப்புதல், கையொப்பமிடுபவருக்கான அதிகாரப் பத்திரம் ஆகிய மூன்றும் கைக்கு வராமல் பத்திர எழுத்தரிடம் போவது வீண் அலைச்சல்.

சம அளவுதானே, செலவு இராது என்றும் எண்ண வேண்டாம். மாற்றிக்கொள்ளும் இரு சொத்துகளில் மதிப்பு கூடியதன் மேல் முத்திரைத் தீர்வை கணக்கிடப்படும். வயலுக்கு ஏக்கர்க் கணக்கிலும் மனைக்குச் சதுர அடிக் கணக்கிலும் வழிகாட்டி மதிப்பு இருக்கும்போது, அளவு ஒன்றானாலும் மதிப்பு ஒன்றாகாது. பதிவுக்குப் பிறகு உட்பிரிவுடன் பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்து, புதிய புலப்படத்தில் கோடு மாறியிருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: பக்கத்தில் இருப்பது கோயில் நிலமாயின் இதே வழி செல்லுமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். செல்லாது. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி ஆணையரின் அனுமதி இல்லாத பரிவர்த்தனை செல்லாததாகும்.

இன்னொருவர், மாறும் துண்டில் நிற்கும் மரம் யாருக்கு என்று கேட்டார். பத்திரத்தில் எழுதாவிட்டால் மரம் நிலத்தோடு போய்விடும். எங்கள் துண்டில் நின்ற இரண்டு பனைகளில் பதநீர் இறக்கும் உரிமை அப்பா காலத்திலிருந்தே பக்கத்து வீட்டாருக்கு இருந்தது. அதை எழுத மறந்து, பதிவன்று காலையில் ஒரு பக்கத்தைத் திரும்பத் தட்டச்சு செய்தோம்.