பழைய காருக்குப் பதில் எந்தக் கார்? முதலில் அத்தையை உட்காரவைத்துப் பாருங்கள்

சிங்கப்பூரில் காருக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி வண்டிக்கே போவதில்லை. பத்து ஆண்டு ஓட்டும் உரிமைக்கு ஏலத்தில் எடுக்கும் சிஓஇ, சந்தை மதிப்பின் மேல் 20 விழுக்காடு சுங்கத் தீர்வை, அதற்கு மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி, அப்புறம் ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவுக் கட்டணம், இதெல்லாம் சேர்ந்ததுதான் கடைவிலை. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் சொல்லும் யோசனை இங்கே அப்படியே பொருந்தாமல் போவது அதனால்தான். இங்கே இரண்டு கேள்விக்கு விடை தெரிந்தால் போதும். இந்தக் கார் ஆண்டுக்கு எனக்கு எவ்வளவு செலவு வைக்கும்? இதில் அதிகம் உட்காரப் போகிறவருக்கு உடம்பு வலிக்காமல் இருக்குமா?

நான் ஒரு சரக்குக் கப்பல் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். வீடு ஈசூனில். கணவருக்கு ஷிப்ட் வேலை, மகன் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான், அத்தைக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். கார் எங்கள் வீட்டில் ஓடுவது கூ டெக் புவாட் மருத்துவமனைக்கும், ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்கும், எப்போதாவது ஜோகூருக்கும்தான். எங்கள் 2015 டொயோட்டா ஆல்டிஸின் சிஓஇ முடியப்போகிறது என்றதும் கணக்குப் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். அன்று போட்ட கணக்கையும் கடைகளில் பார்த்த விதத்தையும்தான் இங்கே எழுதுகிறேன்.

மாற்றத்தான் வேண்டுமா என்பதிலிருந்து தொடங்குங்கள். வண்டி நன்றாக ஓடுகிறது என்றால் சிஓஇயைப் புதுப்பிக்கலாம். அதற்குக் கட்டுவது பிகியூபி, அதாவது கடந்த மூன்று மாத சிஓஇ விலைகளின் சராசரி. பத்து ஆண்டுக்கு முழுத்தொகை, ஐந்து ஆண்டுக்குப் பாதி. ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்தால் அது முடிந்ததும் வண்டி போக வேண்டியதுதான், மறுபடி நீட்டிக்க முடியாது. புதுப்பிக்கிற அன்றே, பத்து ஆண்டுக்குள் வண்டியை ஒப்படைத்தால் கிடைத்திருக்க வேண்டிய பார்ஃப், அதாவது ஏஆர்எஃபில் திரும்பக் கிடைக்கும் பங்கும் கையை விட்டுப் போகிறது. பத்து ஆண்டு கடந்த காருக்குச் சாலை வரியில் 10 விழுக்காடு கூடுதலாக ஏறி, படிப்படியாக 50 விழுக்காடு வரை போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இருந்த கட்டாயச் சோதனையும் ஆண்டுதோறும் ஆகிவிடும். இத்தனையும் சேர்த்துக் கூட்டியும் புதுப்பிப்பதே மலிவு என்று வந்தால் தயங்காமல் புதுப்பியுங்கள். எங்களுக்குப் பணத்தில் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் தாழ்வான அந்தப் பின்சீட்டிலிருந்து அத்தை எழுவதைப் பார்க்கும்போது இன்னும் ஐந்து ஆண்டு இதிலேயா என்றிருந்தது.

இந்த யோசனையைக் கடைசி மாதத்துக்குத் தள்ளாதீர்கள். 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 106,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு ஏறியது. அதே பிரிவு 2024 ஜனவரியில் 65,010 வெள்ளிக்கு இறங்கியது. ஏலம் மாதத்தில் இரண்டு முறைதான். அவகாசம் இருப்பவர்கள் பொறுத்துப் பார்த்து வாங்கலாம். இல்லாதவர்கள் அன்றைக்கு இருக்கும் விலையைக் கொடுத்தாக வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்பே போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் உங்கள் காரை ஒப்படைத்தால் என்ன கிடைக்கும் என்று பார்த்து வையுங்கள். பார்ஃப் விகிதமும் உச்சவரம்பும் கார் பதிவான தேதியைப் பொறுத்து மாறும். பக்கத்து வீட்டு அண்ணனுக்குக் கிடைத்த தொகை உங்களுக்கும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

சரி, வேறு கார்தான் என்று முடிவாகிவிட்டால், விலைச்சீட்டை மூடி வைத்துவிட்டு டிப்ரியைப் பாருங்கள். ஆண்டுத் தேய்மானத்துக்கு இங்கே எல்லாரும் சொல்லும் பேச்சு அதுதான். கார் விலையிலிருந்து கடைசியில் திரும்பக் கிடைக்கும் பார்ஃபைக் கழித்து, சிஓஇ மிச்சமிருக்கும் ஆண்டுகளால் வகுத்தால் வருவது டிப்ரி. ஒரு கார் 60,000 வெள்ளி, நான்கு ஆண்டு மிச்சம், கடைசியில் 8,000 வெள்ளி திரும்பும் என்று வையுங்கள். ஆண்டுக்கு 13,000 ஆகிறது. இன்னொன்று 85,000 வெள்ளி, ஏழு ஆண்டு மிச்சம், திரும்புவது அதே 8,000. ஆண்டுக்கு 11,000தான். விலைச்சீட்டில் மலிவாகத் தெரிந்தது கணக்கில் ஆண்டுக்கு 2,000 வெள்ளி அதிகம். மூன்றாவதாக, சிஓஇ ஏற்கெனவே புதுப்பித்த கார் ஒன்று 48,000 வெள்ளிக்கு வருகிறது, நான்கு ஆண்டு மிச்சம். அதற்கு பார்ஃப் கிடையாது, அதனால் நேராக நான்கால் வகுக்க வேண்டும். ஆண்டுக்கு 12,000, அதுபோகச் சாலை வரியில் கூடுதல். பிடித்த ஒவ்வொரு காருக்கும் இந்த ஒற்றை வரியை எழுதிப் பார்க்காமல் விற்பனையாளரிடம் பேசவே உட்காராதீர்கள்.

கடனில் கவனிக்க வேண்டியது விதியும் வட்டியும். ஓஎம்வி எனும் சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்குள் இருந்தால் விலையில் 70 விழுக்காடு வரை கடன் தருவார்கள், அதற்கு மேல் போனால் 60 விழுக்காடுதான். தவணை அதிகபட்சம் ஏழு ஆண்டு. ஆக, 85,000 வெள்ளிக் காருக்குக் குறைந்தது 25,500 வெள்ளி கையில் இருக்க வேண்டும். கடையில் சொல்லும் வட்டி 'ஃபிளாட்' கணக்கு. 50,000 வெள்ளிக்கு 2.5 விழுக்காடு, ஐந்து ஆண்டு என்றால் வட்டி 6,250 வெள்ளி. நீங்கள் மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி முதல் நாள் அசலுக்கே ஓடிக்கொண்டிருக்கும். உண்மையில் விழும் வட்டி விகிதம் கடையில் சொன்னதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பழைய காரை ஒப்படைத்து வரும் பணத்தை முன்பணத்தில் போட்டுக் கடனைச் சுருக்குவதுதான் என் வழி.

மாதச் செலவில் பெட்ரோலை எல்லாரும் கணக்கில் வைத்துக்கொள்வார்கள். வண்டி நிறுத்தும் இடத்துக்கான கார்ப்பேட்டைப் பாஸ், ஈஆர்பி எனும் மின்னியல் சாலைக் கட்டணம், காப்புறுதி இவற்றைத்தான் விட்டுவிடுவார்கள். காப்புறுதிக்கு உங்கள் புது வண்டியின் எண்ணைக் கொடுத்து முன்பே விலை கேளுங்கள். இழப்பீடு கேட்காமல் ஆண்டுகளாகச் சேர்த்த என்சிடி எனும் கழிவு, அதிகபட்சம் 50 விழுக்காடு, உங்கள் பெயரில் புது காருக்கு வந்துவிடும்.

இப்போது வசதி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் வசதி என்று காட்டுவது பெரிய திரையும் தோல் சீட்டும்தான். மூட்டுவலி உள்ளவருக்கு வசதி என்பது சீட்டின் உயரம். வீட்டில் அவர் சுலபமாக எழுந்துவரும் நாற்காலி எது என்று பாருங்கள். அதன் உயரத்தை அளவு நாடாவால் அளந்து, கைபேசியில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள். காரின் சீட் விளிம்பு அதற்கு நெருக்கமாக இருக்க வேண்டும். செடான் தாழ்வு, உட்கார்ந்தால் எழ முடியாது. பெரிய எஸ்யூவி உயரம், ஏறுவதற்குக் காலைத் தூக்கவேண்டும். நடுவில் இருப்பவைதான் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒத்துவரும்.

அடுத்தது கதவு. நம் பலமாடிக் கார்ப்பேட்டையில் ஒரு இடத்தின் அகலம் ஏறக்குறைய 2.4 மீட்டர். இருபுறமும் வண்டி நின்றால் சாதாரணக் கதவை முழுதாகத் திறக்க முடியாது, பாதி திறந்த கதவிடுக்கில் அத்தை உடம்பை முறுக்கித்தான் வெளியே வர வேண்டும். சறுக்குக் கதவு உள்ள டொயோட்டா சியன்டாவும் ஹோண்டா ஃப்ரீடும் இங்கே இத்தனை ஓடுவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். இரண்டும் 1.5 லிட்டர், இரண்டிலும் ஹைப்ரிட் கிடைக்கும், கீழ்ப்படி தாழ்வு. மூன்றாம் வரிசையில் பெரியவர்கள் ரொம்ப நேரம் உட்கார முடியாது, அது பிள்ளைகளுக்குத்தான். எங்களுக்கு அந்த வரிசையை மடக்குவதுதான் முக்கியமாக இருந்தது. சியன்டாவில் அது நடுவரிசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், தரை தட்டையாகிவிடும், சக்கர நாற்காலியும் அரிசி மூட்டையும் சேர்ந்தே போகும். ஃப்ரீடில் அது பக்கவாட்டில் மடங்கி நிற்கும்.

பழைய கார் கடைகள் இருக்கும் காக்கி புக்கிட்டில் ஒரு சியன்டாவின் கதவு சறுக்கித் திறந்ததும் அத்தை பின்பக்கமாகத் திரும்பி, சீட்டின் விளிம்பில் மெதுவாக உட்கார்ந்து, அப்புறம்தான் கால் இரண்டையும் உள்ளே எடுத்தார். நான் கையைக்கூட நீட்டவில்லை. "இதுல காலத் தூக்க வேண்டாம்மா, சாஞ்சாப் போதும்" என்றார். திரும்ப இறங்கச் சொன்னேன், ஏறச் சொன்னேன், மறுபக்கக் கதவிலும் ஏறி இறங்கச் சொன்னேன். விற்பனையாளர் பொறுமையாக நின்றார். நீங்களும் கூச்சப்படாதீர்கள். கார் உங்கள் பணத்தில் வருகிறது.

ஓட்டிப் பார்ப்பதென்றால் கடைவாசலில் ஒரு சுற்று போதாது. மதியம் இரண்டு மணிக்கு, வண்டி வெயிலில் நின்றிருக்கும்போது போங்கள். பின்சீட்டுக்குக் காற்று வர எவ்வளவு நேரமாகிறது என்று அங்கே உட்கார்ந்தே பாருங்கள். கார்ப்பேட்டைச் சரிவில் ஏறி இறங்குங்கள், வேகத்தடைகளில் மெதுவாகப் போங்கள், பிறகு விரைவுச்சாலையில் விட்டு, பின்னால் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசிப் பாருங்கள். 'என்ன?' என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டால் அந்த இரைச்சலைத்தான் பல ஆண்டு கேட்கப்போகிறார். சக்கரத்தையும் கவனியுங்கள். பெரிய ரிம்மும் மெல்லிய டயரும் பார்க்க அழகு, ஆனால் குலுக்கல் அதிகம், டயர் மாற்றும்போது செலவும் அதிகம். வீட்டில் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளை இருந்தால் குழந்தை இருக்கை கட்டாயம், அதை மாட்டியபின் பாட்டிக்கு இடம் மிச்சமிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மின்காரா என்று எல்லாரும் கேட்கிறார்கள். 110 கிலோவாட் வரை ஏ பிரிவில் வரும், சத்தமில்லை, குலுக்கல் குறைவு. சாலை வரியில் மட்டும் ஆண்டுக்கு 700 வெள்ளி கூடுதலாகச் சேரும். உங்கள் புளோக்கின் கார்ப்பேட்டையில் மின்னூட்டுமிடம் இருக்கிறதா, இரவில் அது காலியாக இருக்கிறதா என்பதை நீங்களே இரண்டு மூன்று இரவு நடந்து போய்ப் பாருங்கள். இருந்தால் வாங்குங்கள், இல்லையென்றால் ஹைப்ரிட் போதும் என்பது என் கருத்து.

பழைய கார் என்றால் ஊபி, காக்கி புக்கிட் பக்கம் போய் ஒரே நாளில் நிறைய பார்க்கலாம். புதுசு என்றால் லெங் கீ சாலையில் ஷோரூம்கள் வரிசையாக இருக்கின்றன. பழைய காருக்கு லாக் கார்டில், அதாவது வண்டியின் பதிவு விவரச் சீட்டில், எத்தனை பேர் கை மாறியது, முன்பு வாடகைக்கு ஓடியதா என்று பாருங்கள். நான் வருவதற்குள் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்பே சொல்லிவிட்டுப் போனால் குளிர்ந்த வண்டி எப்படிக் கிளம்புகிறது என்று தெரியும். பானட்டைத் தொட்டாலே சொன்னபடி வைத்திருக்கிறார்களா என்பது புரிந்துவிடும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021இன் 23ஆவது வாரம் செய்தது. நான்கு டயரிலும் வெவ்வேறு ஆண்டு இருந்தால் ஏன் என்று கேளுங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள், வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு நாற்றம் போகாது. மின்சாரச் சறுக்குக் கதவை ஐந்தாறு முறையாவது திறந்து மூடுங்கள், அந்த மோட்டார் போனால் செலவு. இதெல்லாம் பார்த்தபின் விக்கோம், எஸ்டிஏ போன்ற சோதனை நிலையத்துக்கு அனுப்பி அறிக்கை வாங்குங்கள். விற்பவர் மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் எழுத்தில் வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது. சோதனையில் தேறாவிட்டாலோ கடன் கிடைக்காவிட்டாலோ முன்பணம் திரும்பும் என்று சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு கடையில் பேசி முடித்த விலைக்கு மேல் நிர்வாகக் கட்டணம், பாலிஷ் கட்டணம் என்று சீட்டில் தனித்தனியாக ஏறியிருந்தது. கேட்டதும் எல்லாக் கடையிலும் இப்படித்தான் என்றார்கள். அடுத்த கடையில் அப்படி இல்லை. முழுத்தொகை எவ்வளவு, சாவி கைக்கு வரும்வரை வேறு எதுவும் உண்டா என்று கேட்டு எழுதி வாங்கினேன். 2012 செப்டம்பர் முதல் இங்கே பழுதுப் பொருளுக்கான சட்டம் இருக்கிறது, பழைய காருக்கும் அது பொருந்தும். வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியும் கோளாறு வாங்கும்போதே இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று விற்றவர்தான் நிரூபிக்க வேண்டும். அதனால் ரசீது, சோதனை அறிக்கை, வாட்ஸ்அப்பில் பேசியது எதையும் அழிக்காதீர்கள்.

கடைசி வாரத்தில் பழைய காரைக் கொடுக்கும் நாளையும் புதியதை எடுக்கும் நாளையும் ஒன்றாக அமைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் மருத்துவமனைக்கு டாக்சிதான். பழைய காருக்கு குறைந்தது மூன்று வியாபாரிகளிடம் விலை கேளுங்கள், பார்ஃபும் மிச்ச சிஓஇயும் போக வண்டியின் உடற்பகுதிக்கு ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொகை தருவார்கள். கார்ப்பேட்டைப் பாஸில் வண்டி எண்ணை மாற்றுங்கள், டேஷ்போர்டில் இருக்கும் பணமதிப்பு அட்டையை எடுத்துவிடுங்கள், காப்புறுதி தொடங்கும் தேதி சாவி வாங்கும் தேதிதானா என்று சரிபாருங்கள். ஜோகூருக்குப் போகிறவர்கள் புது எண்ணுக்கு மலேசியாவுக்குள் நுழைவதற்கான விஇபி பதிவையும் அன்றே தொடங்கிவிடுங்கள்.