பீரில் பூச்சிமருந்து எச்சம்: எங்கே தப்புக்கணக்கு போடுகிறோம்?

பீரைக் காய்ச்சும்போது ஒரு மணி நேரம் கொதிக்கவிடுகிறார்களே, பார்லியில் அடித்த மருந்தெல்லாம் அதிலேயே போய்விடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை முதலில் விட வேண்டும். சில மருந்துகள் கொதியில் சிதைவது உண்மைதான். சரி, சிதைந்து என்னவாகின்றன? மேன்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி சூட்டில் உடைந்து எத்திலீன்தயோயூரியாவாக மாறும். அது தைராய்டைக் கெடுக்கக்கூடியது. மேன்கோசெப்பை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிக் கொடுத்தால் அந்தச் சோதனை அரைகுறைதான்.

மருந்து நீரில் கரையுமா, எண்ணெயில் கரையுமா என்று கேட்காமல் விடுவது இதைவிடப் பெரிய தவறு. முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டை அரைத்து வெந்நீரில் ஊறவைத்துச் சாற்றை வடிக்கும்போது, எண்ணெயில் கரையும் பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லிகள் பெரும்பாலும் சக்கையில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தச் சக்கை மாட்டுத்தீவனமாகப் போகிறது. பீரை மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

களைக்கொல்லியான கிளைபோசேட் நேர்மாறு. நீரில் நன்றாகக் கரையும், கொதிக்கும் அசையாது. 2016-இல் மியூனிக் சுற்றுச்சூழல் நிறுவனம் 14 ஜெர்மன் பீர்களைச் சோதித்தது. அத்தனையிலும் கிளைபோசேட் இருந்தது, லிட்டருக்கு 0.46 முதல் 29.74 மைக்ரோகிராம் வரை. 1516-இல் வந்த பீர் தூய்மைச் சட்டத்தின் 500-ஆம் ஆண்டு அது, நாடே அதிர்ந்தது. குடிநீர் வரம்பான 0.1 மைக்ரோகிராமைப்போல் 300 மடங்கு என்று செய்திகள் வந்தன. ஆனால் அந்த வரம்பு எந்தப் பூச்சிமருந்துக்கும் பொதுவாக வைத்தது. உடம்பு எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டு வைத்ததல்ல. உடலைப் பாதிக்கும் அளவை எட்ட ஒருவர் நாளொன்றுக்கு சுமார் 1,000 லிட்டர் குடிக்க வேண்டும் என்றது ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம். இரண்டு எண்களையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. அதற்காக அலட்சியமும் ஆகாது: கிளைபோசேட்டைத் தடுக்க ஒரே இடம் பார்லி கொள்முதல்தான்.

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூவான ஹாப்ஸ், லிட்டருக்கு ஓரிரு கிராம்தானே என்று விட்டுவிடுவதும் எல்லா பீருக்கும் பொருந்தாது. ஹாப்ஸ் மணம் தூக்கலான ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) வகை பீர்களில் நொதித்து முடிந்த பீரிலேயே ஹாப்ஸை ஊறப்போடுகிறார்கள். அளவும் பல மடங்கு, கொதியும் கிடையாது, உறிஞ்சிக்கொள்ளச் சக்கையும் கிடையாது. ஹாப்ஸ் கொடியில் பூஞ்சையும் அசுவினியும் எளிதில் பிடிப்பதால் மருந்தும் அடிக்கடி அடிப்பார்கள். இந்த வகை பீர் காய்ச்சுபவர்கள் மால்ட்டுக்கான ஆய்வறிக்கையோடு நின்றுவிடாமல், ஹாப்ஸுக்கும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.